கை கழுவச் சொன்ன டாக்டருக்கு நேர்ந்த கதி: யார் இந்த செம்மல்வைஸ்?

கொரோனா காலத்தில் கை கழுவுங்க, கை கழுவுங்க என்று கேட்டுக் கேட்டே நமக்கு அலுத்துப்போனது. ஆனால் 1847-ல் இதைச் சொன்ன டாக்டரை, சக டாக்டர்களே ஏற்கவில்லை.

ஹங்கேரியில் பிறந்த இக்னாஸ் செம்மல்வைஸ், வியன்னா பொது மருத்துவமனையின் பிரசவப் பிரிவில் உதவி டாக்டர். அங்கே மருத்துவச்சிகள் பார்த்த வார்டைவிட, டாக்டர்களும் மாணவர்களும் பார்த்த வார்டில்தான் பிரசவக் காய்ச்சல் சாவு மிக அதிகம். அந்த வார்டு வேண்டாம் என்று கர்ப்பிணிகள் கெஞ்சுவார்களாம்.

காரணம் பிடிபடாமல் தவித்தவருக்கு, நண்பர் கொலெட்ஷ்காவின் மரணத்தில்தான் விடை கிடைத்தது. பிரேதப் பரிசோதனையில் கத்தி பட்டுக் காயமடைந்த அவர், அதே மாதிரியான அறிகுறிகளோடு இறந்தார். பிணவறையில் இருந்த கையோடு நேராகப் பிரசவம் பார்க்க வருவதுதான் சிக்கல்! சோப்பு போட்டும் போகாத நாற்றத்தைப் போக்க, குளோரின் சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த சாவு, ஜூனில் சுமார் 2 சதவீதம்.

அப்படியும் பெரிய டாக்டர்கள் பலர் மசியவில்லை. செம்மல்வைஸும் லேசுப்பட்டவர் இல்லை. எதிர்த்தவர்களைக் கொலைகாரர்கள் என்றே கடிதம் எழுதித் திட்டினார். அது அவருக்கே வினையானது.

1865-ல் மனநலக் காப்பகத்தில் அடைக்கப்பட்டவர், இரண்டே வாரத்தில் இறந்தார். வயது 47. காரணம், காயத்தில் ஏறிய தொற்று.