கணிப்பொறி அறிஞர் நரசிம்மன்

அச்சாணி கழன்றால் ஆழித்தேரும் அசையாது. பெரும் பொறிகளுக்கும் சிற்றுறுப்புகளே உயிர்நிலையாகும். இவ்வுண்மையை நன்குணர்ந்து, இந்தியாவிலேயே உருவான முதல் இலக்கமுறைக் கணிப்பொறியை அமைத்த குழுவிற்குத் தலைமை பூண்ட தமிழர் ரங்கசாமி நரசிம்மன் ஆவார்.

நரசிம்மன் 1926ஆம் ஆண்டில் சென்னையில் பிறந்தார். கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பயின்றபின் அமெரிக்கா சென்று, கலிபோர்னியாவில் மின்பொறியியலும் இந்தியானாவில் கணிதமும் கற்று, டாக்டர் பட்டம் பெற்றார். அயல்நாட்டிலேயே தங்கிவிட எண்ணாது, 1954இல் தாயகம் திரும்பிப் பம்பாயிலிருந்த டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார்.

அந்நாளில் சிப்பு என்னும் சில்லு தோன்றவில்லை. அதன் தொழிலைக் கண்ணாடிக் குழல்களாகிய வால்வுகளே செய்தன. நரசிம்மன் குழுவினர் அமைத்த பொறியில் ஏறத்தாழ 2,700 வால்வுகளும் 12,500 மின்தடைகளும் இருந்தன. வால்வு, விளக்கைப்போல் வெப்பம் உமிழ்ந்து நாளடைவில் தளரும் இயல்பினது. முற்றும் அணைந்த வால்வைக் கண்டறிதல் எளிது. தளர்ந்த வால்வோ எரிந்துகொண்டே பிழையான விடையைத் தரும். ஆதலின், அத்தகைய பொறிகளைப் பேணுவோர் விடை தெரிந்த கணக்கொன்றை முதலில் கொடுப்பர்; விடை பிறழுமாயின், பகுதி பகுதியாக ஆராய்ந்து பழுதின் இடத்தை வரையறுப்பர்; ஐயத்திற்குரிய வால்வை அகற்றி நல்லதொன்றைப் பொருத்தி, மீண்டும் அக்கணக்கையே கொடுத்துத் தெளிவர்.

கணிப்பொறி அமைத்தல் அக்குழுவினர்க்குப் புதிய பணி. எனினும் அவர்கள் தளரவில்லை. 1956இல் முன்னோடிப் பொறி இயங்கிற்று. 1960இல் முழுப்பொறி செயற்பட்டது. 1962இல் பிரதமர் நேரு அதற்கு டிஃப்ராக் எனப் பெயர் சூட்டினார். அதற்குள் மேனாட்டில் வால்வின் இடத்தை டிரான்சிஸ்டர் பற்றிக்கொண்டது. 1964இல் அமெரிக்கப் பெருங்கணிப்பொறி அந்நிலையத்திற்கு வரவே, டிஃப்ராக் விரைவில் ஓய்வுற்றது. அதனால் உழைப்பு வீணாயிற்று என்று கருதற்க. பொறி பழையதாயிற்று, அதனால் வளர்ந்த அறிவோ நிலைத்தது. கணிப்பொறியை ஆக்கவும் பழுது நீக்கவும் வல்லார் நம் நாட்டிலேயே தோன்றினர்.

நரசிம்மன் 1965இல் இந்தியக் கணினிக் கழகத்தின் முதல் தலைவரானார், 1977இல் பத்மஸ்ரீ விருது பெற்றார், 2007இல் மறைந்தார்.

இன்று பழங்கணினியைச் செப்பனிடுவோர், பழுதுற்ற சில்லின் ஈயப்பற்றை இளக்கி அகற்றிப் புதியதைப் பொருத்துகின்றனர். உறுப்பு மாறிற்று; முறை மாறவில்லை. பழுதின் காரணம் அறியாமல் உறுப்பை மாற்றுதல், நோய் நாடாது மருந்தளிப்பதனை ஒக்கும். பிழை கண்டவிடத்துச் சோர்வடையாது, அதன் மூலத்தை ஆராய்ந்து களைதலே அறிவுடையார் செயலாகும்.