ஆடையில் ஒரு புதுநெறி

தஞ்சை மண்ணின் கோயில்களிலும் அரண்மனையிலும் தழைத்த சதிராட்டம், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இகழ்ச்சிக்கு உள்ளாயிற்று. அந்நிலையில் ஊரார் பழிக்கு அஞ்சாது அதனைக் கற்க முன்வந்தவர் ருக்மிணி தேவி.

1904இல் மதுரையில் பிறந்த அவர், 1920இல் ஆங்கிலேயரான ஜார்ஜ் அருண்டேலை மணந்து கடும் எதிர்ப்பைச் சந்தித்தார். ரஷ்ய நடனமணி அன்னா பாவ்லோவாவின் நட்பு அவரை ஆடற்கலையின்பால் ஈர்த்தது. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சதிர் பயின்று, 1935இல் சென்னை அடையாற்றில் மேடையேறினார். மறு ஆண்டு கலாசேத்திராவை நிறுவினார்.

அக்காலத்தில் ஆடுவோர் காற்சட்டையின்மேல் சேலையைச் சுற்றி உடுத்தினர். ருக்மிணி தேவியோ கோயிற் சிற்பங்களைக் கூர்ந்து நோக்கி, தைத்த ஆடையை வடிவமைத்தார். அரைமண்டியில் அமரும்போது அதன் மடிப்புகள் விசிறிபோல் விரிந்தன. கலாசேத்திராவில் தறிகளை அமைத்து, பழைய கரைகளுக்கும் வண்ணங்களுக்கும் புத்துயிர் ஊட்டினார்.

சிருங்காரச் சுவையை அவர் ஒதுக்கியதைத் தஞ்சை மரபில் வந்த பாலசரசுவதி ஏற்கவில்லை. கலையைக் காத்த குலமகளிர் மேடையிலிருந்து விலக நேர்ந்ததேன் என்னும் வினாவும் இன்றுவரை எழுகிறது. ருக்மிணி தேவி 1986இல் மறைந்தார். இன்று அரங்கேறும் ஒவ்வொரு மாணவியின் ஆடை மடிப்பிலும் அவரது துணிவும், அவ்வினாவும் சேர்ந்தே விரிகின்றன.