ஹெடி லமார்

ஹெடி லமார் (நவம்பர் 9, 1914 – சனவரி 19, 2000) ஆஸ்திரியாவில் பிறந்து ஐக்கிய அமெரிக்காவில் புகழ்பெற்ற திரைப்பட நடிகையும் கண்டுபிடிப்பாளரும் ஆவார். இவரது இயற்பெயர் ஹெட்விக் ஏவா மரியா கீஸ்லர். இரண்டாம் உலகப் போரின்போது இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்டைலுடன் இணைந்து, எதிரியால் குலைக்க முடியாத வானொலிக் கட்டுப்பாட்டு முறை ஒன்றை வடிவமைத்து 1942இல் காப்புரிமை பெற்றார். அதிர்வெண் தாவல் என்னும் நுட்பத்தின் தொடக்ககால வடிவங்களுள் இதுவும் ஒன்று. நடிகையாக உலகப் புகழ் பெற்றிருந்தபோதும், கண்டுபிடிப்பாளராக இவர் மதிக்கப்பட ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இளமைக்காலம்

வியன்னா நகரில் வசதியான யூதக் குடும்பத்தில் ஒரே மகளாகப் பிறந்தார். தந்தை எமில் கீஸ்லர் வங்கி இயக்குநர். தாய் கெர்ட்ரூட் புடாபெஸ்டில் பிறந்த பியானோக் கலைஞர். கிறித்தவ சமயத்தைத் தழுவியவர். தந்தை மகளை உலாவ அழைத்துச் செல்லும்போது வழியில் காணும் டிராம் வண்டி முதலிய இயந்திரங்கள் எவ்வாறு இயங்குகின்றன என்று விளக்குவது வழக்கம். ஐந்து வயதில் இவர் ஒரு இசைப்பெட்டியைப் பிரித்துப் பார்த்து மீண்டும் பொருத்தினார் என்பர். பொறியியலில் முறையான கல்வி எதையும் இவர் பெற்றதில்லை.

பதின்ம வயதிலேயே நடிப்பில் நாட்டம் கொண்டு, 1930இல் ஜெர்மானிய மொழித் திரைப்படம் ஒன்றில் சிறு வேடத்தில் தோன்றினார். புகழ்பெற்ற நாடக இயக்குநர் மாக்ஸ் ரைன்ஹார்ட்டிடமும் பயிற்சி பெற்றார். குஸ்டாவ் மகாட்டி இயக்கிய எக்ஸ்டசி என்னும் செக்கோஸ்லோவாக்கியத் திரைப்படம் 1933இல் வெளிவந்தது. இதில் இவர் ஆடையின்றித் தோன்றிய காட்சிகள் பெரும் சர்ச்சையை எழுப்பின. படம் பல நாடுகளில் தடைக்கும் வெட்டுகளுக்கும் உள்ளாயிற்று. அப்போது பதின்ம வயதினரான இவரது பெயருடன் அந்தப் படம் வாழ்நாள் முழுவதும் ஒட்டிக்கொண்டது.

முதல் திருமணமும் வெளியேற்றமும்

1933 ஆகஸ்டில் ஆஸ்திரியாவின் பெரும் படைக்கல உற்பத்தியாளரான ஃபிரிட்ஸ் மாண்டிலை மணந்தார். மாண்டில் மனைவியை நடிக்க விடாமல் தடுத்ததுடன், எக்ஸ்டசியின் படிகளை விலைக்கு வாங்கி மறைக்கவும் முயன்றார். அவரது மாளிகையில் நடந்த விருந்துகளுக்குப் படை அலுவலர்களும் ஆயுத வணிகர்களும் வந்து சென்றனர். விருந்தளிப்பவரின் மனைவியாக அமர்ந்திருந்த ஹெடி, ஆயுதங்களைப் பற்றிய அவர்களது உரையாடல்களைக் கேட்க நேர்ந்தது.

1937இல் கணவரை விட்டுப் பிரிந்து பாரிசு வழியாக இலண்டன் சென்றார். அங்கே மெட்ரோ-கோல்ட்வின்-மேயர் நிறுவனத்தின் தலைவர் லூயி பி. மேயரைச் சந்தித்தார். வாரத்திற்கு 125 டாலர் என்று அவர் கூறிய சம்பளத்தை ஏற்க மறுத்தார். பின்னர் மேயர் பயணம் செய்த நார்மண்டி கப்பலிலேயே தாமும் பயணச்சீட்டு பெற்று, நியூயார்க் சேருமுன் வாரத்திற்கு 500 டாலருக்கு ஒப்பந்தம் பெற்றார். ஊமைப்படக் கால நடிகை பார்பரா லா மாரின் நினைவாக லமார் என்னும் பெயர் இவருக்குச் சூட்டப்பட்டது. 1938 மார்ச்சில் ஆஸ்திரியாவை நாட்சி ஜெர்மனி இணைத்துக்கொண்டது. அங்கிருந்த தம் தாயைப் பின்னர் அமெரிக்காவிற்கு வரவழைத்துக்கொண்டார்.

திரைப்பட வாழ்க்கை

சார்ல்ஸ் போயருடன் நடித்த அல்ஜியர்ஸ் (1938) இவரை ஒரே படத்தில் புகழின் உச்சிக்குக் கொண்டு சென்றது. கிளார்க் கேபிளுடன் பூம் டவுன் (1940), ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டுடன் கம் லிவ் வித் மீ (1941), ஸ்பென்சர் ட்ரேசியுடன் டோர்டில்லா ஃபிளாட் (1942) முதலிய படங்களில் நடித்தார். உலகின் மிக அழகான பெண் என்று விளம்பரம் செய்யப்பட்ட இவருக்குக் கிடைத்த வேடங்கள் பெரும்பாலும் பேச்சுக் குறைந்தவை. தோற்றத்தை மட்டும் நம்பியவை. இதில் மனநிறைவு கொள்ளாமல், போருக்குப் பின் தாமே படத் தயாரிப்பில் இறங்கி தி ஸ்ட்ரேஞ்ச் உமன் (1946) முதலிய படங்களை உருவாக்கினார். செசில் பி. டெமில் இயக்கிய சாம்சன் அண்ட் டிலைலா (1949) இவரது மிகப் பெரிய வணிக வெற்றியாகும்.

கண்டுபிடிப்பு

பின்னணி

படப்பிடிப்பு முடிந்த மாலை வேளைகளில் வீட்டில் ஒரு வரைமேசையின் முன் அமர்ந்து புதிய கருவிகளைப் பற்றிச் சிந்திப்பது ஹெடியின் வழக்கம். நீரில் இட்டால் கரைந்து குளிர்பானமாகும் மாத்திரை ஒன்றையும் செய்து பார்த்தார். அது வெற்றி பெறவில்லை.

1940 செப்டம்பரில், பிரித்தானியாவிலிருந்து குழந்தைகளைக் கனடாவிற்கு ஏற்றிச் சென்ற சிட்டி ஆஃப் பெனாரஸ் என்ற கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கி அட்லாண்டிக் கடலில் மூழ்கடித்தது. அதிலிருந்த வெளியேற்றத் திட்டக் குழந்தைகள் 90 பேரில் 77 பேர் இறந்தனர். கப்பலில் பணியாற்றிய இந்திய மாலுமிகள் பலரும் உயிரிழந்தனர். ஹெடியும் ஆன்டைலும் டார்ப்பிடோவை வழிநடத்தும் முறையை வகுக்க முற்பட்டது இதையொட்டிய மாதங்களில்தான். நீருக்கடியில் செல்லும் வெடிகணையான டார்ப்பிடோவை வானொலி அலைகளால் வழிநடத்தினால் குறி தவறாது. ஆனால் ஒரே அதிர்வெண்ணில் குறிப்பலை அனுப்பினால் எதிரி அதைக் கண்டறிந்து, அதே அதிர்வெண்ணில் இரைச்சலை அனுப்பிக் கெடுத்துவிடலாம். குறிப்பலை ஓரிடத்தில் நில்லாமல் அதிர்வெண் விட்டு அதிர்வெண் தாவிக்கொண்டே இருந்தால் எதிரியால் அதைப் பின்தொடர முடியாது என்பது ஹெடியின் கருத்து.

செயல்படும் முறை

அனுப்பும் கருவியும் பெறும் கருவியும் ஒரே நொடியில் ஒரே அதிர்வெண்ணிற்கு எவ்வாறு தாவும் என்பதே சிக்கலான கேள்வி. இதற்கு விடை காண உதவியவர் ஆன்டைல். அவர் 1920களில் பாலே மெக்கானிக் என்னும் படைப்பை 16 தானியங்கிப் பியானோக்களுக்காக எழுதியவர். அத்தனை பியானோக்களையும் ஒருங்கிணைத்து இயக்க அக்காலத்தில் இயலவில்லை. தானியங்கிப் பியானோவில் துளையிட்ட தாள்சுருள் ஒன்று ஓடும். துளைகள் அமைந்த இடத்திற்கேற்பக் கட்டைகள் ஒலிக்கும். ஒரே விதமாகத் துளையிட்ட இரண்டு சுருள்களைக் கப்பலிலும் டார்ப்பிடோவிலும் வைத்து ஒரே நேரத்தில் ஓடவிட்டால் இரு கருவிகளும் இணைந்தே அதிர்வெண்களை மாற்றும். பியானோவின் 88 கட்டைகளைப் போல 88 வரிசைத் துளைகள் வரை சுருளில் அமைக்கலாம். எதிரியைத் திசைதிருப்ப, பெறும் கருவி கேட்காத சில அதிர்வெண்களிலும் பொய்க் குறிப்பலைகள் அனுப்பப்படும். மின்னியல் நுணுக்கங்களில் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் ஒருவர் உதவினார்.

1941 சூன் 10 அன்று விண்ணப்பித்து, 1942 ஆகஸ்ட் 11 அன்று 2,292,387 என்ற எண்ணுள்ள அமெரிக்கக் காப்புரிமையை இருவரும் பெற்றனர். இரகசியத் தொடர்பு முறை என்பது அதன் தலைப்பு. அதில் ஹெடியின் திரைப்பெயர் இல்லை. இரண்டாம் திருமணத்தின்வழி அமைந்த ஹெடி கீஸ்லர் மார்க்கி என்ற பெயரே உள்ளது.

கடற்படையின் மறுப்பு

அமெரிக்கக் கடற்படை இம்முறையை ஏற்கவில்லை. டார்ப்பிடோவிற்குள் வைக்க முடியாத அளவிற்குக் கருவி பெரிதாக இருக்கும் என்பது கூறப்பட்ட காரணம். கைக்கடிகார அளவிற்குச் சுருக்கலாம் என்று வாதிட்ட ஆன்டைல், பியானோ என்ற சொல்லே அலுவலர்களைத் தவறாக எண்ண வைத்துவிட்டதாகக் கருதினார். அன்று அமெரிக்க டார்ப்பிடோக்கள் குறித்த ஆழத்தில் செல்லாமலும் இலக்கில் மோதியும் வெடிக்காமலும் தொல்லை தந்துவந்தன; இக்குறைகளே 1943 வரை தீரவில்லை. ஹெடி தம் முகத்தின் புகழைப் போர்நிதிப் பத்திர விற்பனைக்குப் பயன்படுத்தி, பல மில்லியன் டாலர் திரட்ட உதவினார்.

காப்புரிமையின் காலம் 1959இல் முடிந்தது. அதே ஆண்டு ஆன்டைல் காலமானார். காப்புரிமை நடப்பில் இருந்தவரை இருவருக்கும் அதனால் வருவாய் எதுவும் கிட்டவில்லை.

கண்டுபிடிப்பின் இடம்

வை-ஃபை, ஜி.பி.எஸ் ஆகியவற்றைக் கண்டுபிடித்தவர் ஹெடி லமார் என்று பரவலாக எழுதப்படுவது சரியன்று. அதிர்வெண்ணை மாற்றிக்கொண்டே தொடர்புகொள்ளும் எண்ணம் இவருக்கு முன்பே சிலரிடம் இருந்தது; நெதர்லாந்தைச் சேர்ந்த வில்லெம் புரூர்ட்யெஸ் 1932இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றிருந்தார். ஜி.பி.எஸ் வேறொரு பரவல் நிறமாலை முறையைப் பயன்படுத்துகிறது. 1997இல் வெளியான முதல் வை-ஃபை தரத்தில் அதிர்வெண் தாவல் ஒரு தெரிவாக மட்டும் இருந்து, பின்னர் கைவிடப்பட்டது. ஆனால் புளூடூத் இந்நுட்பத்திலேயே இயங்குகிறது. அதன் மூல வடிவம் 79 அலைத்தடங்களுக்கிடையே நொடிக்கு 1600 முறை தாவுகிறது. தாவலை இரு முனைகளிலும் ஒத்திசைக்க நடைமுறை வழி ஒன்றை விரிவாக வரைந்து காட்டியதே ஹெடி, ஆன்டைல் இருவரின் தனிப்பங்களிப்பு ஆகும்.

பிற்கால வாழ்க்கை

1953இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். ஆறு முறை மணந்து ஆறு முறையும் மணமுறிவு பெற்றார். மூன்று பிள்ளைகளை வளர்த்தார். இவரது கடைசித் திரைப்படம் 1958இல் வெளிவந்தது. 1966இல் இவர் பெயரில் வெளியான தன்வரலாற்று நூலில் உள்ளவை பெரும்பாலும் பிறர் புனைந்தவை என்று கூறி வழக்குத் தொடுத்தார். அதே ஆண்டு கடையில் திருடியதாகக் கைதாகிப் பின் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். முக அறுவை சிகிச்சைகளுக்குப் பின் வெளியுலகைத் தவிர்த்து, இறுதி ஆண்டுகளில் புளோரிடாவில் தனித்து வாழ்ந்தார். பிள்ளைகளுடனும் பெரும்பாலும் தொலைபேசியிலேயே பேசினார்.

1997இல் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் தன் முன்னோடி விருதை ஹெடிக்கும் மறைந்த ஆன்டைலுக்கும் வழங்கியது. 82 வயதான ஹெடி விழாவிற்குச் செல்லவில்லை, மகன் பெற்றுக்கொண்டார்.

மறைவும் நினைவும்

2000 சனவரி 19 அன்று புளோரிடாவின் காசல்பெரியில் காலமானார். இவரது விருப்பப்படி அஸ்தியின் ஒரு பகுதி வியன்னா அருகிலுள்ள காட்டில் தூவப்பட்டது. 2014இல் வியன்னா மத்திய கல்லறையில் இவருக்கு மதிப்புக் கல்லறை அமைக்கப்பட்டது. அதே ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் புகழ்மன்றத்தில் இவரும் ஆன்டைலும் சேர்க்கப்பட்டனர். ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் இவரது பிறந்தநாளான நவம்பர் 9 கண்டுபிடிப்பாளர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.