கம்பியில்லாத் தந்தி கண்ட மார்க்கோனி

கம்பியில்லாத் தந்தி என்றதும், அதில் கம்பிக்கு வேலையே இல்லை என்று நாம் எண்ணிவிடுகிறோம். கடலைக் கடக்கக் கம்பி தேவையில்லை என்பது உண்மையே. ஆனால் வீட்டினுள் இருக்கும் கருவியிலிருந்து வெளியே உயர்ந்து நிற்கும் ஏரியல் வரை செல்லும் சில அடிக் கம்பி பழுதானால், செய்தி கிளம்பவே கிளம்பாது. இத்துறைக்கு வித்திட்ட மார்க்கோனியின் வரலாறு இவ்வுண்மையை நமக்கு நன்கு விளக்குகிறது.

குக்லியெல்மோ மார்க்கோனி 1874-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் நாள் இத்தாலி நாட்டுப் பொலோனா நகரில் பிறந்தார். தந்தையார் இத்தாலியர், தாயார் ஆனி ஜேம்சன் அயர்லாந்து நாட்டவர். ஹெர்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் கண்ட மின்காந்த அலைகள் இளைஞர் மார்க்கோனியின் உள்ளத்தைக் கவர்ந்தன. பொன்டெக்கியோ என்ற ஊரிலிருந்த தம் வீட்டையே அவர் ஆய்வுக்கூடமாக்கிக் கொண்டார். 1895-ஆம் ஆண்டில், கம்பியின் ஒரு முனையை உயரத்தில் ஏற்றி, மறுமுனையை மண்ணோடு இணைத்தால் அலைகள் நெடுந்தொலைவு செல்வதைக் கண்டார். குன்றுக்கு அப்பால் நின்ற அண்ணன் அல்ஃபோன்சோ, செய்தி வந்து சேர்ந்ததைத் துப்பாக்கி வெடித்துத் தெரிவித்தார்.

1896-இல் மகனை அழைத்துக்கொண்டு தாயார் இலண்டன் சென்றார். அங்கே அஞ்சல்துறைத் தலைமைப் பொறியாளர் பிரீஸ் உதவிக்கரம் நீட்டினார். 1899-இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலுள்ள கால்வாயைச் செய்தி கடந்தது. அடுத்து அட்லாண்டிக் பெருங்கடலையே தாண்ட வேண்டும் என்று துணிந்தார். இங்கிலாந்தின் போல்டு என்னுமிடத்தில் 200 அடி உயரமுள்ள 20 கம்பங்களை வட்டமாக நிறுத்தினார். 1901 செப்டம்பர் மாதம் வீசிய புயலில் அவை அனைத்தும் சரிந்தன. அவர் சோர்ந்துவிடவில்லை. இரண்டே கம்பங்களை நட்டு, அவற்றிடையே செம்புக் கம்பிகளை விசிறி போல் தொங்கவிட்டார். அவ்வாண்டு டிசம்பர் 12-ஆம் நாள் நியூஃபவுண்ட்லாந்தின் சிக்னல் ஹில் குன்றில் பட்டத்தோடு கம்பியைப் பறக்கவிட்டு, மூன்று புள்ளிகளாகிய 'எஸ்' எழுத்தைக் கேட்டதாக அறிவித்தார். இதைப் பிற்கால ஆய்வாளர் சிலர் ஐயுறுவதுண்டு. ஆயினும் 1902-இல் பிலடெல்பியா என்ற கப்பலில் செய்த சோதனைகள், தொலைதூரச் செய்தி இயலும் என்பதை நிலைநாட்டின. 1909-இல் பிரௌன் என்பவரோடு நோபெல் பரிசைப் பகிர்ந்து கொண்டார்.

ஆற்றல் மிகுந்த நிலையத்தில் ஏரியல் கம்பியின் மின்னழுத்தம் பல்லாயிரம் வோல்ட் வரை ஏறும். அக்கம்பி ஈரச் சுவரையோ மரச் சட்டத்தையோ தொட்டால், ஆற்றல் அவ்வழியே நிலத்திற்குள் கசிந்துவிடும். பொறி பறந்து மரம் தீப்பற்றவும் கூடும். இதைத் தடுக்க, மார்க்கோனி நிறுவனத்தார் கப்பல்களில் நீண்ட எபொனைட் குழாயைக் கூரை வழியே செருகி, அதன் நடுவே உலோகத் தண்டை விட்டனர். மேலே குடை போன்ற ஓர் உலோகக் கூம்பு. மழையும் உப்புநீரும் குழாய் முழுவதையும் நனைத்தால், அந்த ஈரமே மின்சாரத்திற்கு வழியாகிவிடும் அல்லவா? கூம்பின் கீழ் ஒரு பகுதியாவது காய்ந்திருக்க வேண்டும் என்பதே நோக்கம். வீட்டிலேயே நிலையம் அமைத்துப் பேசும் அமெச்சூர் வானொலி அன்பர்கள் சிலரும் இத்தகைய வழியைப் பின்பற்றுகின்றனர். பீங்கான் குழாயை வெளிப்புறம் சற்றுச் சரித்து வைக்கின்றனர். மழைநீர் சொட்டிவிழும்படி கம்பியைத் தாழ வளைத்து உள்ளே கொண்டு வருகின்றனர்.

மின்காப்பின் அருமையை 1912-ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று நமக்கு உணர்த்துகிறது. டைட்டானிக் கப்பலில் மார்க்கோனி நிறுவன ஊழியர்களான பிலிப்ஸ், பிரைடு என்னும் இளைஞர் இருவர் பணியாற்றினர். விபத்துக்கு முந்தின இரவு அவர்கள் கருவி பழுதாயிற்று. மின்மாற்றியிலிருந்து வரும் கம்பிகளின் காப்புறை கருகி, அவை இரும்பு ஆணிகளைத் தொட்டதால் ஆற்றல் வீணாகிக் கொண்டிருந்தது. இருவரும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் போராடிப் பழுதைக் கண்டறிந்து, கம்பிகளை ரப்பர் நாடாவால் இறுகச் சுற்றினர். ஏப்ரல் 14-ஆம் நாள் இரவு கப்பல் பனிப்பாறையில் மோதியது. அபயக் குரல் கருமையான கடலைக் கடந்து 58 மைல் தொலைவிலிருந்த கார்பேத்தியா கப்பலை எட்டியது. 1500 பேர் அளவில் மாண்டனர். ஆயினும் 700-க்கும் மேற்பட்டோரைக் கார்பேத்தியா மீட்டது. இறுதிவரை செய்தி அனுப்பிய பிலிப்ஸ் உயிர் நீத்தார். கார்பேத்தியா நியூயார்க் வந்தடைந்தபோது மார்க்கோனி நேரில் சென்று பிரைடைக் கண்டார்.

பதினோராம் பத்திநாதர் திருத்தந்தையாக விளங்கிய காலத்தில் வத்திக்கான் வானொலியை அமைத்துத் தந்தவரும் மார்க்கோனியே. 1931 பிப்ரவரி 12-ஆம் நாள் திருத்தந்தையின் குரல் முதன்முறையாக அவ்வானொலியில் உலகெங்கும் ஒலித்தது. முசோலினியின் பாசிசக் கட்சியில் அவர் சேர்ந்தது அவர் வாழ்வில் படிந்த கறை என்பதையும் நாம் மறைப்பதற்கில்லை. 1937 ஜூலை 20-ஆம் நாள் ரோமாபுரியில் அவர் காலமானபோது, வானொலி நிலையங்கள் இரண்டு நிமிடங்கள் மௌனம் காத்தன.

பெருங்கடலைத் தாண்டிய புகழ் மார்க்கோனியைச் சேர்ந்தது. எனினும், யாரும் பாராத மூலையில், தூக்கத்தையும் மறந்து கம்பிக்கு ரப்பர் சுற்றிய அவ்விரு இளைஞரையும் நாம் நினைவில் கொள்வோம். அவ்விரவில் அவர்கள் நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்திருந்தால், அந்த எழுநூறு பேரின் கதி என்னவாகியிருக்கும்? மாணவியராகிய நமக்கும் சிறு கடமைகள் பல உண்டு. அவற்றையும் அன்றன்றே செவ்வனே செய்வோமாக!