ஆடையிற் கவி எழுதிய அம்மையார்

ஏட்டில் உறைந்த கவியை உடுக்கும் ஆடையில் உலவவிட்டவர் சோனியா தெலோனே அம்மையார். 1885 இல் உக்ரேனிற் பிறந்த இவர், ஓவியம் பயின்று பாரிஸ் மாநகரிற் குடியேறினார். கவிஞர் பிளேஸ் சாந்திராரின் நெடும்பாட்டொன்றை, 1913 இல், தம் வண்ணங்களோடு இரண்டு மீற்றர் நீள மடிப்பேடாக்கினார்.

1917 இன் புரட்சியால் ருஷ்யாவிலிருந்து வந்த வருவாய் அற்றுப்போயிற்று. குடும்பத்தைத் தாங்க ஆடையமைப்பைத் தொழிலாகக் கொண்டார்; ஆயினும் கலையைக் கைவிட்டாரல்லர். 1922 அளவில் திரிஸ்தான் சாரா முதலிய கவிஞர்தம் சொற்களை வண்ணக் கட்டங்களோடு இணைத்துக் கவியாடைகளை வரைந்தார். உடுத்தவர் கையசைக்குந்தோறும் சொற்களும் உடனசைந்து புதிய ஒழுங்கு பெறும்.

1964 இல் இவர் ஓவியங்கள் லூவர் அரும்பொருளகத்திற் காட்சிக்கு வைக்கப்பட்டன. உயிரோடிருக்கையில் அப்பேறு பெற்ற முதற் பெண் ஓவியர் இவரே. 1979 இல் மறைந்தார். வயிற்றுப்பாட்டுக்கெனத் தொட்ட ஊசியும் கலைக்கருவியே என்பதற்கு இவர் வாழ்வே சான்று.