சுக்கான் பிடித்த அடிமை, கேப்டனான கதை

கடந்த 1863ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் தேதி ‘அலபாமா’ என்ற போர்க்கப்பல் சிங்கப்பூர் வந்தது. இன்று கெப்பல் என அழைக்கப்படும் அன்றைய நியூ ஹார்பரில் நிலக்கரி ஏற்றியது. அடிமை முறையைக் காக்க அமெரிக்காவிலிருந்து பிரிந்த தென்மாநிலங்களின் கப்பல் அது. அதற்கு அஞ்சி, அமெரிக்க வணிகக் கப்பல்கள் பல இங்கேயே முடங்கிக் கிடந்தன.

அதே மாதம், அதே உள்நாட்டுப் போரில், எதிர்த்தரப்பான வடக்கின் கப்பல் ஒன்றுக்குக் கேப்டனானார் அடிமையாகப் பிறந்த ராபர்ட் ஸ்மால்ஸ்.

தென் கரோலைனாவின் போஃபர்ட் ஊரில் 1839ல் பிறந்தவர் அவர். பன்னிரண்டு வயதில் சார்ல்ஸ்டன் நகருக்கு வேலைக்கு அனுப்பப்பட்டார். கூலியில் பெரும்பகுதி எசமானருக்கே போனது. மனைவி ஹேனாவையும் மகளையும் விடுவிக்க 800 டாலர் விலை பேசப்பட்டது. அந்தத் தொகையைச் சேர்ப்பது எளிதாக இல்லை.

போர் மூண்டதும் தென்படையின் ‘பிளாண்டர்’ நீராவிக் கப்பலில் சுக்கான் பிடித்தார். மாலுமி வழிகாட்டியின் வேலையைச் செய்தும், அடிமை என்பதால் அந்தப் பதவிப் பெயர் அவருக்குத் தரப்படவில்லை.

1862 மே 13ஆம் தேதி அதிகாலை. வெள்ளை அதிகாரிகள் கரையில் தங்கியிருந்தனர். ஸ்மால்ஸ் கேப்டனின் வைக்கோல் தொப்பியை அணிந்து கப்பலைக் கிளப்பினார். வழியில் குடும்பத்தினரை ஏற்றிக்கொண்டார். சம்டர் கோட்டையருகே உரிய ஊதல் சமிக்ஞை கொடுத்துத் தப்பினார். பீரங்கி எல்லையைத் தாண்டியதும் வெள்ளை விரிப்பை உயர்த்தி, வடக்கின் கடற்படையிடம் கப்பலை ஒப்படைத்தார்.

விடுதலை கிடைத்ததும் அவர் ஒதுங்கிவிடவில்லை. 1863 ஏப்ரல் 7ஆம் தேதி சார்ல்ஸ்டன் தாக்குதலில் ‘கியோகக்’ இரும்புக் கவசக் கப்பலுக்கு வழிகாட்டினார். தொண்ணூறுக்கும் மேற்பட்ட குண்டுகள் தாக்கிய அக்கப்பல் மறுநாள் மூழ்கியது. ஸ்மால்ஸ் உயிர் பிழைத்தார்.

பின்னர் ‘பிளாண்டர்’ கடும் குண்டுமழையில் சிக்கியது. அதன் கேப்டன் நிலக்கரி அறையில் ஒளிந்தார். பிடிபட்டால் கறுப்பின ஊழியர்களுக்கு என்ன நேரும் என்பதை ஸ்மால்ஸ் அறிவார். சரணடைய மறுத்துக் கப்பலைப் பத்திரமாக மீட்டார். கேப்டன் பதவி அவரைத் தேடி வந்தது.

சிங்கப்பூரைவிட்டுச் சென்ற ‘அலபாமா’ 1864 ஜூனில் பிரான்ஸ் அருகே மூழ்கடிக்கப்பட்டது. மறு ஆண்டு தெற்கும் தோற்றது.

தாம் அடிமையாகப் பிறந்த எசமானரின் வீட்டையே ஸ்மால்ஸ் பின்னர் வாங்கினார். எழுத்தறிவு மறுக்கப்பட்டு வளர்ந்த அவர், 1868ல் மாநில அரசியலமைப்பு மாநாட்டில் அனைவருக்கும் இலவசப் பள்ளிக்கல்வி வேண்டும் என வாதாடினார். அமெரிக்க நாடாளுமன்றத்திலும் பணியாற்றிய அவர், 1915 பிப்ரவரியில் பிறந்த ஊரிலேயே காலமானார். அப்போது அவர் யாருக்கும் அடிமையல்லர்.