சுவரில் மலர்ந்த நம்பிக்கை

நாடக விளம்பரச் சுவரொட்டி ஒன்று எத்தனை நாள் வாழும்? மழை கரைக்கும், மறுவாரம் இன்னொன்று அதன்மேல் ஏறும். ஆயினும் 1895ஆம் ஆண்டின் முதல் நாளிலே பாரிஸ் நகரச் சுவர்களில் தோன்றிய ஒன்று இன்றும் கலைக்கூடங்களிலே காக்கப்படுகின்றது. அதன் படத்தை மாணவர்க்குக் காட்டும்போதெல்லாம், வரைந்த அல்போன்ஸ் மூக்காவின் துணிவோடு, அதனை ஏற்ற நடிகையின் நம்பிக்கையும் என் நெஞ்சிலே எழுகின்றது.

மொராவியாவிலே 1860இல் பிறந்த மூக்காவை இளமையில் பிராக் கலைக்கழகம் ஏற்க மறுத்தது. வியன்னாவிலே நாடகக் காட்சித்திரை தீட்டும் பட்டறையில் தொழில் பயின்றார். 1887இல் பாரிஸ் சேர்ந்தார். புரவலர் ஒருவரின் உதவி நின்றதும், சஞ்சிகைகளுக்கும் நூல்களுக்கும் படம் வரைந்து காலம் கழித்தார்.

1894ஆம் ஆண்டின் இறுதி. புகழின் உச்சியிலிருந்த சாரா பேர்ணார்ட் அம்மையார், தாம் நடித்த ‘ஜிஸ்மொண்டா’ நாடகத்துக்குப் புத்தாண்டுக்குள் புதிய சுவரொட்டி வேண்டுமென்றார். விடுமுறைக் காலமாதலால் பழகிய ஓவியர் எவரும் அகப்படவில்லை. அச்சகத்தில் இருந்த மூக்காவிடம் பணி வந்தது என்பர்.

அக்காலச் சுவரொட்டிகள் பளிச்சிடும் வண்ணங்களாற் கண்ணைப் பறித்தன. மூக்காவினதோ ஏறத்தாழ ஏழடி உயரம், இரண்டரை அடி அகலம், அடங்கிய வண்ணங்கள், குருத்தோலை ஏந்தி, பைசாந்தியக் கோலத்தில் ஆளுயரத்தில் நிற்கும் நடிகை. அச்சக மேலாளர் தயங்கினாராம். அம்மையாரோ கண்டதும் மகிழ்ந்து, ஆறாண்டு ஒப்பந்தம் செய்தார். மேடையமைப்பு, உடை, அணிகலன் ஆகியவற்றையும் அக்கையில் ஒப்புவித்தார்.

இந்நம்பிக்கை எங்ஙனம் பிறந்தது? மூக்கா புதுமைக்காகப் புதுமை செய்தாரல்லர். நாடகத்தின் இறுதிக் காட்சியில் அம்மையார் தோன்றிய கோலத்தையே எடுத்தார். ஐம்பது வயது நடிகை, தம்மை உலகம் எவ்வாறு காணவேண்டுமென விரும்பினாரோ, அவ்வாறே தம்மைக் கண்டார். பணி கொடுத்தவரின் உள்ளத்தை அறிந்து செய்த துணிவு அது.

பின்னர் சார்ள்ஸ் கிறேன் என்னும் அமெரிக்கச் செல்வர் பொருளுதவ, சிலாவிய மக்களின் வரலாற்றை 20 பேரோவியங்களாகத் தீட்டினார். 1928இல் அவை பிராக் நகருக்கு அளிக்கப்பட்டன. 1939இல் நாட்டைக் கைப்பற்றிய ஜேர்மனியரின் இரகசியப் பொலிசார் அவரை விசாரித்தனர். அவ்வாண்டு யூலையில் மறைந்தார்.

அச்சகத்தார் தயங்கிய தாளிலே அம்மையார் தம்மைக் கண்டிராவிடின், அப்பேரோவியங்களும் பிறந்திருக்குமோ என எண்ணிப் பார்க்கின்றேன்.